ஸ்பீடோமீட்டர் முள்ளும் இரண்டு அங்குல ஒயரும்

என் கார் 2008-ல் பதிவான ஜப்பானிய ஆட்டோ கியர் வண்டி. 2018-ல் சிஓஇ-யை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, இன்னும் 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 10 வயது தாண்டிய வண்டிக்குச் சிங்கப்பூரில் என்னென்ன உண்டு என்று வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஆண்டுக்கு ஒரு சோதனை, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் கூடுதல் கட்டணம். அதையெல்லாம் கட்டத் துணிந்தவனை ஒரு ஸ்பீடோமீட்டர் முள் நாலு மாதம் ஆட்டிவைத்த கதை இது. நடந்தது 2022-ல். சரிசெய்து மூன்று ஆண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் அறிகுறி முள்ளில் தெரியவில்லை, பெட்ரோல் கணக்கில் தெரிந்தது. வழக்கமாக லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டி, திடீரென்று 10 என்றது. பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன், டயர் காற்றைச் சந்தேகப்பட்டேன். உண்மையில் வண்டி அதிகம் குடிக்கவில்லை. சக்கரம் சுற்றுவதை மீட்டருக்குச் சொல்லும் சென்சாரின் சிக்னல் அவ்வப்போது அறுந்து, ஓடிய தூரத்தில் ஒரு பகுதியை மீட்டர் எண்ணாமல் விட்டிருக்கிறது.

அப்புறம் ஒருநாள் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை. 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் நிலத்தடியில் போகும் சாலை, உள்ளே வேகக் கேமராவும் உண்டு. 75-ல் போய்க்கொண்டிருந்தேன். முள் ஒரு துள்ளு துள்ளி 110-ஐத் தொட்டது, அடுத்த நொடி பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த மனைவி எட்டிப் பார்த்து, “என்னங்க, நின்னுட்டமா நாம?” என்றாள். சுரங்கத்துக்குள் கைப்பேசி ஜிபிஎஸ்ஸையும் நம்ப முடியாது. முன்னால் போன டாக்சியை ஒட்டியே வெளியே வந்து சேர்ந்தேன். அதற்குள் கியர் மாறும்போது ஒரு குலுக்கல், எஞ்சின் விளக்கும் எரிந்தது.

முதலில் போன பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பி0500 என்று வந்தது. வேக சென்சாரின் சிக்னலில் பிரச்சினை என்பதற்கான குறியீடு. சென்சார் செத்துவிட்டது என்பதற்கானது அல்ல. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. 180 வெள்ளிக்குப் புது சென்சார் போட்டார்கள். பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. நவம்பர் மழை பிடித்ததும் முள் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கியது.

இனி பணம் கொடுப்பதற்கு முன் நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். 25 வெள்ளிக்கு ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கினேன்; எஞ்சின் கணினி சொல்வதைக் கைப்பேசியில் காட்டுவது அது. பிஐஇ விரைவுச்சாலையில் நேரான பகுதியில் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜிபிஎஸ் வேகம், கணினி சொல்லும் வேகம், முள் காட்டும் வேகம் மூன்றையும் வாசிக்கச் சொன்னேன். கணினி வேகம் நிலையாக இருந்து முள் மட்டும் விழுந்தால் மீட்டரில் கோளாறு. உள்ளே சோல்டர் விரிசல் விட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் அதற்கு முன்னால் எங்கோ. எனக்கு இரண்டும் சேர்ந்தே விழுந்தன. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. என் வண்டியைப் போன்ற பழைய ஜப்பானிய கார்கள் பலவற்றில் சிக்னல் முதலில் மீட்டருக்குப் போய், அங்கிருந்துதான் எஞ்சின் கணினிக்குப் போகும். ஆகவே மீட்டரை இன்னும் விடுதலை செய்ய முடியாது. டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்தேன், முள் அசையவில்லை. அது நிரூபணம் ஆகாதுதான், ஆனாலும் சந்தேகம் கீழே இறங்கியது.

வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டு நோண்ட எனக்குத் தைரியமில்லை. காக்கி புக்கிட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “மீட்டரைக் கழட்ட வேணாம் தம்பி, மொதல்ல ஒயரைப் பாப்போம்” என்றார். வண்டியைத் தூக்கி, சாவியைத் திருப்பி, கியரை நியூட்ரலில் வைத்தார். சென்சாருக்கு மூன்று ஒயர்: மின்சாரம், எர்த், சிக்னல். மல்டிமீட்டர் முனையைச் சிக்னல் ஒயரில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு முன்சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லி, மற்றதை மெதுவாகச் சுற்றினார். 0, 5 வோல்ட், 0, 5 வோல்ட் என்று ஒழுங்காக மாறியது. பல ஜப்பானிய கார்களில் கிலோமீட்டருக்கு 2,548 துடிப்பு என்று கணக்கு; 60 வேகத்தில் நொடிக்கு 42-க்குக் கொஞ்சம் மேல். முள்ளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த எண்ணிக்கைதான்.

அப்புறம் ஒயரைப் பிடித்து லேசாக ஆட்டினார். துடிப்பு காணாமல் போனது.

கனெக்டரிலிருந்து இரண்டு அங்குலத்தில், பேட்டரித் தட்டுக்குக் கீழே, கியர்பாக்ஸ் சூட்டில் ஒயரின் மேலுறை காய்ந்து விறைத்திருந்தது. பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழைதான் பாக்கி. சென்சாரை மாற்றியபோது ஒயர் கொஞ்சம் நகர்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதனால்தான் அந்த இரண்டு வாரச் சொர்க்கம். கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயர் சோல்டர் செய்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, ஆடாமல் கட்டிவிட்டார். 60 வெள்ளி.

(கேபிள் வைத்த இன்னும் பழைய வண்டி என்றால் கதை வேறு. அங்கே முள் குறைந்த வேகத்தில் நடுங்கினால், பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும்.)

மூன்று ஆண்டில் முள் ஒருமுறைகூட விழவில்லை. போன ஆண்டு முக்கால் டேங்க் பெட்ரோலோடு உட்லண்ட்ஸ் எல்லை தாண்டி மலேசியாவின் மலாக்காவுக்குப் போனபோது, நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் பலகைகளோடு மீட்டரை ஒப்பிட்டேன். 50 கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. வேகம் மட்டும் ஜிபிஎஸ் 84 சொல்லும்போது முள் 90 காட்டும். நண்பர் அதையும் சரிசெய்யச் சொன்னார். அது கோளாறே இல்லை. ஐநா-வின் 39-ஆம் வாகன விதிப்படி முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. 10 விழுக்காடும் 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம்.

அந்தப் பழைய சென்சாரை அண்ணன் அன்றே மேசையில் வைத்து, பேட்டரியில் இணைத்து, பல்சக்கரத்தை விரலால் சுற்றிக் காட்டினார். மல்டிமீட்டரில் எண் அழகாக ஏறி இறங்கியது. இப்போது அது டாஷ்போர்டு அறையில் சும்மா கிடக்கிறது, 180 வெள்ளி ரசீதோடு.