கல்லா, களிம்பா, கார்ன் கேப்பா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சரிவுகளில் ஏறி இறங்குவோருக்கும், சேலத்துக் குழித்தறியில் மிதிகட்டையை வெறுங்காலால் மிதிக்கும் நெசவாளருக்கும் பாதத் தோல் தடிப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: அழுத்தமும் உராய்வும் ஓயாமல் விழும் இடத்தில், மேல்தோல் தன்னைக் காத்துக்கொள்ள அடுக்கடுக்காகத் தடிக்கிறது. பரவலாகத் தடித்தால் அது காய்ப்பு. நடுவில் கூம்புபோல் ஒரு முனை உள்ளிறங்கிக் குத்தினால் அது கால் ஆணி. மருவையும் பலர் ஆணி என்றே எண்ணிவிடுகிறார்கள். நேராக அழுத்தும்போது வலிப்பது ஆணி, இருபுறமும் பிடித்துக் கிள்ளும்போது கூடுதலாக வலிப்பது பெரும்பாலும் மரு.

பாதத்தை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்க்கும் நுரைக்கல் மலிவானது, காய்ப்புக்குப் போதுமானது. ஆனால் ஆணியின் முனையை அது எட்டாது. ஒரே நாளில் வழவழப்பாக்கிவிட வேண்டும் என்று அழுத்தித் தேய்த்தால் புண்தான் மிஞ்சும்.

என் தேர்வு யூரியா களிம்பு. வயலுக்குப் போடும் உரத்தின் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. நம் தோலிலேயே இயல்பாக இருக்கும் பொருள் அது. 10 சதவீத அளவில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் தடித்த தோலையே இளக்குகிறது. 40 சதவீதக் களிம்பு மிகவும் தடித்த இடங்களுக்கு உரியது. மலையின் பனிக்காலத்தில் குதிகால் வறண்டு வெடிப்பவர்கள் இரவில் இதைத் தடவிக் காலுறை அணிந்து உறங்கினால், சில வாரங்களில் வேறுபாடு தெரியும். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் மட்டும் எரியும்; அது ஆறும்வரை வாசலினே நல்லது.

ஆணிமேல் ஒட்டும் மருந்துப் பட்டையான கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 சதவீதம். ஆணிக்கு மூன்றில் வேகமானது இதுவே. ஆனால் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. சற்று நகர்ந்து ஒட்டினாலும் பக்கத்துத் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயாளிகளும், பாதம் மரத்துப்போனவர்களும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இதைத் தொடவே கூடாது. பிளேடால் சீவுவதும் அவர்களுக்கு அதே அளவு ஆபத்து. அவர்கள் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

எதைப் பூசினாலும், முன்பகுதி இறுக்கும் செருப்பை மாற்றாமலும், மிதிகட்டைமேல் மெத்தென்ற ரப்பர் பட்டை ஒன்றைக் கட்டாமலும் விட்டால், தடிப்பு அதே இடத்தில் திரும்ப வரும்.