புளோரன்ஸில் ஒரு காலைப்பொழுது: அக்காதெமியாவா, பார்ஜெல்லோவா?

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சிற்பம் பார்க்க இரண்டு அருங்காட்சியகங்கள்: அக்காதெமியா, பார்ஜெல்லோ. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருப்பதால் கூட்டமெல்லாம் அக்காதெமியாவுக்குத்தான் போகிறது. சிற்பத்தை நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவருக்கு நாங்கள் சொல்வது பார்ஜெல்லோ.

முதலில் அக்காதெமியா. தாவீதின் உயரம் 5.17 மீட்டர். 1504 முதல் 1873 வரை வெட்டவெளியில் நின்ற சிலை. பலர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பின்பக்கம் போங்கள்: கவண் வார் இடது தோளிலிருந்து முதுகு வழியாக வலது கைக்கு இறங்குவது அங்கேதான் தெரியும். தாவீதை நோக்கிப் போகும் வழியில் உள்ள மைக்கேலாஞ்சலோவின் நான்கு ‘அடிமைகள்’ சிலைகள் முடிக்கப்படாதவை. பல் உளி இழுத்த கோடுகள் கல்லில் அப்படியே இருக்கின்றன. தாவீதைவிட இங்கே அதிக நேரம் செலவிடலாம்.

பார்ஜெல்லோ 1255-இல் கட்டத் தொடங்கிய கோட்டை மாளிகை, பிறகு சிறை, 1865 முதல் அருங்காட்சியகம். இதற்கு முதலிடம் கொடுக்கக் காரணம் இரண்டு வெண்கலப் பலகைகள். ஞானஸ்நானக் கோயிலின் கதவுக்காக 1401-இல் போட்டி வைத்தார்கள். தலைப்பு ஒன்றுதான்: மகன் ஈசாக்கைப் பலியிடும் ஆபிரகாம். போட்டிக்காகப் புரூனலெஸ்கி, கிபெர்த்தி என்ற இரு கலைஞர்கள் செய்தவை இந்தப் பலகைகள். புரூனலெஸ்கியின் பலகையில் கத்தி கழுத்தைத் தொட்டேவிட்டது. தேவதூதர் ஆபிரகாமின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். கிபெர்த்தியின் பலகையில் கை இன்னும் ஓங்கியபடி இருக்கிறது, ஈசாக்கின் உடல் மெழுகுபோல வழவழப்பு. பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக எடுத்ததால் கிபெர்த்தியின் பலகை எடை குறைவு. புரூனலெஸ்கியோ உருவங்களைத் தனித்தனியாக வார்த்துத் தட்டில் பொருத்தினார். வேலை கிபெர்த்திக்குக் கிடைத்தது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், உருவங்கள் எவ்வளவு முன்தள்ளி நிற்கின்றன என்பது அப்போதுதான் பிடிபடும்.

தாவீதுக்கும் இங்கே குறையில்லை: டொனாடெல்லோவின் பளிங்குத் தாவீது, வெண்கலத் தாவீது, வெரோக்கியோவின் வெண்கலத் தாவீது என மூன்று. டொனாடெல்லோவின் வெண்கலத் தாவீது சுமார் 158 செ.மீ. தாவீது வீழ்த்திய கோலியாத்தின் தலைக்கவசத்து இறகு காலின் உட்புறமாகத் தொடைவரை ஏறுகிறது. குனிந்து பார்க்காவிட்டால் தவறிப்போகும்.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள்: அக்காதெமியா திங்கட்கிழமை விடுமுறை. நேரம் குறித்த சீட்டை முன்பதிவு செய்யாவிட்டால் காலை முழுதும் வரிசையில் போய்விடும். பெரிய பையோடு போகாதீர்கள், வைத்துவிட்டுப் போக அங்கே இடமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தானே என்று போனால் நெரிசலில் எதையும் பார்க்க முடியாது. பார்ஜெல்லோவின் நேரம் பருவத்துக்கேற்ப மாறும், சில காலங்களில் மதியம் 2 மணிக்குள் மூடிவிடுவதுண்டு. முந்தின நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சமய ஓவியம்தான் நாட்டமென்றால் கணக்கு மாறும். அக்காதெமியாவின் தங்கப் பின்னணி ஓவியங்கள் கோயில் பீடங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மினுங்க வேண்டிய தங்கம் அது. மின்விளக்கில் தட்டையாகத் தெரியும். ஐந்து நிமிட நடையில் உள்ள சான் மார்க்கோ மடத்தில், துறவி ஓவியர் ஃபிரா ஆஞ்செலிகோ வரைந்த சுவர்களிலேயே ஓவியங்கள் இருக்கின்றன. மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில் எதிரே மங்கள வார்த்தைக் காட்சி, அதாவது இயேசு பிறக்கப்போவதை மரியாளுக்குத் தேவதூதர் அறிவிப்பது. மூன்றாம் அறையில் அதே காட்சி இன்னொரு தடவை, ஆனால் தோட்டமில்லை, அலங்காரமில்லை: வெற்றுச் சுவர், தூதர், மண்டியிட்ட மரியாள். துறவி ஒருவர் தனியாக ஜெபிக்க வரைந்தது. அந்த வாசலில் சிறிது நேரம் பேசாமல் நில்லுங்கள்.