கல்லைக் கொடுத்தார்கள், பித்தப்பை எங்கே போயிற்று?

ரங்கூன் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும், கற்களைச் சின்ன டப்பாவில் போட்டு வீட்டாரிடம் கொடுத்தார்கள். வலி போய்விட்டதென்று அவர்களும் பெகுவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து அந்த அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. ஸ்கேனில் கல்லீரலில் கட்டி. பழைய பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கேட்டபோதுதான், பித்தப்பை எந்த லேபுக்கும் போகவில்லை என்று தெரிந்தது. பில்லில் பயாப்சிக்கென்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். இது பச்சைத் துரோகம்.

பித்தப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் தனி அடையாளம் எதுவும் காட்டாது. கல்வலி போலவே வலிக்கும். ஸ்கேனிலும் சில சமயம் சுவர் தடித்திருக்கிறது என்று மட்டும்தான் இருக்கும். எடுத்த பையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பிடிபடும். நோய் பையின் உட்சவ்வோடு நின்றிருந்தால் (ரிப்போர்ட்டில் ஆழத்தைக் குறிக்கும் குறியீடு டி1ஏ) பையை எடுத்ததே போதும். தசையைத் தொட்டிருந்தால் (டி1பி), அல்லது தாண்டியிருந்தால் (டி2), பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்: பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். கணுக்கள் குறைந்தது 6 கிடைக்க வேண்டும். அதற்கு முன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன். இந்த இரண்டாவது ஆபரேஷனை முதல் ஆபரேஷனிலிருந்து 4 முதல் 8 வாரத்துக்குள் செய்வது நல்லது. அந்த அம்மாவுக்கு இந்த வாய்ப்பு இருந்ததா என்பதையே இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன்பே, எடுக்கும் பை எந்த லேபுக்குப் போகும் என்று கேளுங்கள். வீட்டாரையே கொண்டுபோகச் சொன்னால், வாயகன்ற பாட்டிலில் 10 சதவீத பார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்), பையைப் போலப் பத்து மடங்கு அளவு இருக்க வேண்டும். வெறும் தண்ணீரிலோ சலைனிலோ நாள் கணக்கில் கிடந்தால் திசு அழுகிவிடும், பிறகு ஆழத்தைச் சரியாக அளக்க முடியாது. பெயர், வயது, தேதி ஒட்டி, லேப் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தால், எவ்வளவு ஆழம், பித்தப்பைக் குழாயின் வெட்டு முனையில் நோய் உண்டா என்று இரண்டும் எழுதியிருக்க வேண்டும். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேளுங்கள். பை கிழிந்து பித்தம் சிந்தியதா, உறைக்குள் போட்டு வெளியே எடுத்தார்களா என்பது அதில்தான் இருக்கும்; சிந்தியிருந்தால் வயிற்றுக்குள்ளும், கருவி நுழைக்கத் துளை போட்ட இடத்திலும் நோய் பரவும் ஆபத்து கூடும்.

சென்னைக்கோ பாங்காக்குக்கோ போகிறவர்கள் காகிதத்தோடு மட்டும் போகாதீர்கள். லேபில் பாரபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள டாக்டர்கள் அவற்றை மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.