கோத்தகிரித் தேயிலைக் கடையும் அதன் கூட்டு ஒப்பந்தமும்

கோத்தகிரியில் ஜான்ஸ்டன் சதுக்கத்திலிருந்து சற்று மேடேறினால் வரும் சிறிய தேயிலைக் கடைக்கு இந்த ஓராண்டில் நான்கு முறை சென்றுவிட்டேன். முதல் முறை தேயிலை வாங்கப் போனேன். பிறகு, கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன் என்பதால், அந்தக் கடை நடக்கும் விதமே என்னை இழுத்தது.

அங்கே ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையைத் தூளாக்காமல் சுருட்டி உலர்த்தியது), கிரீன் டீ, ஊட்டி வர்க்கி ஆகிய மூன்றுதான் விற்பனைக்கு உண்டு. ஆர்த்தடாக்ஸ் தேயிலையைப் பால் சேர்க்காமல் கண்ணாடிக் குவளையில் தருகிறார்கள். செம்பொன் நிறம், மெல்லிய பூமணம், நாக்கில் தங்காத துவர்ப்பு. கிரீன் டீ கேட்டபோது, “கொதிக்கிற தண்ணியைக் கொஞ்சம் ஆற விட்டு ஊத்துங்க சார், இல்லன்னா கசந்துடும்” என்று சொல்லி, ஊற்றியும் காட்டினார் கடைப் பெண். விலை 100 கிராம் 220 ரூபாய். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்கிற, நாம் வீட்டில் போடும் சி.டி.சி. தூளோடு ஒப்பிட்டால் அதிகம்தான், ஆனால் தரத்துக்குத் தகும்.

இந்தத் தரம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். நீலகிரியின் சிறு விவசாயி கொழுந்தை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, 1963 முதல் நடந்துவரும் குன்னூர் ஏலத்தின் சராசரியை ஒட்டி மாதந்தோறும் அறிவிக்கப்படும் விலைக்காகக் காத்திருக்கிறார். நல்ல கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் பெரிய வேறுபாடு கிடைக்காதபோது கவனித்துப் பறிக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? இந்தக் கடைக்காகவோ பதினொரு விவசாயிகள் அடங்கிய குழுவும், ஒரு சிறு ஆலையும், ஒரு பேக்கரியும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு இலையும் குருத்துமாக வராத கொழுந்தை ஆலை திருப்பி அனுப்பலாம். அதற்கு ஈடாக, ஏல விலை எவ்வளவு சரிந்தாலும் ஒப்புக்கொண்ட அடிப்படை விலைக்குக் கீழே தரக்கூடாது. விலக விரும்புகிறவர் ஆறு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டு நிறுவனத்தின் கடனுக்குப் பங்காளிகள் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி. அதனால் மூவரும் ஒரே நிறுவனமாகச் சேராமல், விற்ற தொகையில் இன்னாருக்கு இவ்வளவு என்று மட்டும் வகுத்துக்கொண்டதை மிகவும் விவேகமான முடிவாகக் கருதுகிறேன். உறவையும் நட்பையும் நம்பி வாய்ப்பேச்சிலேயே கூட்டுச் சேர்ந்து பின்னர் மனம் கசந்து பிரிந்த கடைகளை இதே ஊரில் பார்த்திருக்கிறேன்.

புதுமை என்றால் புது இயந்திரம் என்றே பலர் நினைக்கிறார்கள். புதிய சந்தையும் புதிய மூலப்பொருள் வழியும் தொழிலை ஒழுங்கமைக்கும் புதிய முறையும்கூடப் புதுமையே என்று பொருளியலாளர் சும்பீட்டர் வகுத்தார். சுற்றுலா வருகிறவர்கள் 100 கிராம் வாங்கத் தயங்குவதைக் கவனித்து, 25 கிராம் பொட்டலம் போடலாம் என்று சொன்னவர் பொட்டலம் கட்டும் பெண்தான்; இன்று ஒவ்வொரு பொட்டலத்திலும் கொழுந்து பறித்த தேதியோடு, கட்டியவரின் பெயரும் கையெழுத்தில் இருக்கிறது. சம்பளக் குறை மனத்தாங்கலைத் தரும், ஆனால் ஈடுபாட்டைத் தருவது பொறுப்பும் பாராட்டுமே என்று 1959-இல் உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் எழுதியதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் தன் பெயரை நிதானமாக எழுதியதைப் பார்த்தபோது எனக்கே அது புதிதாக விளங்கியது.

குறைகளும் உண்டு. ஜூலை மழையில் வாங்கிய பொட்டலத்தின் ஒட்டு விட்டு, தேயிலை நமத்துப்போனது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வர்க்கி கிடைப்பதில்லை. இவற்றைவிடப் பெரிய குறை தோட்டத்தில் இருக்கிறது. கடைப் பெண்களுக்கு விற்பனையில் ஊக்கத்தொகை உண்டு. கொழுந்து பறிப்பவர்களுக்கோ இன்னும் கிலோ கணக்கில்தான் கூலி. இளங்கொழுந்தாகத் தேர்ந்து பறித்தால் எடை குறையும், கூலியும் குறையும். தரத்தை உண்டாக்கும் கைக்கே அதனால் நட்டம் வருவது நியாயமில்லை.

இதைக் குழுவின் பொறுப்பாளரிடம் நேரடியாகச் சொன்னேன். வரும் பனிக்காலத்தில், உறைபனிக்குப் பின் வரும் கொழுந்துக்கு மட்டுமாவது, எடையோடு தரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுத்துப் பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். அந்தத் தேயிலை தை மாதம் கடைக்கு வரும். அரைக் கிலோவுக்கு இப்போதே பணம் கட்டி வைத்திருக்கிறேன்.