காப்பதா, நடுவதா: கார்பன் கிரெடிட்டில் எதை வாங்கலாம்?

பெங்களூரு வெளிவட்டச் சாலைக் கம்பெனிகளில், தாங்கள் வெளியிடும் கார்பனுக்கு ஈடாகக் கார்பன் கிரெடிட் வாங்கும் பொறுப்பு நம்மவர்கள் சிலர் தலையிலும் விழுந்திருக்கிறது. இருக்கிற காட்டைக் காக்கும் திட்டத்தில் வாங்குவதா, புதிதாக மரம் நடும் திட்டத்திலா? இரண்டிலும் ஒரு கிரெடிட் என்பது காற்றில் சேராமல் தடுத்த, அல்லது காற்றிலிருந்து உறிஞ்சிய ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுதான். ஆனால் காப்பது பொதுவாக மலிவு, நடுவதற்கு விலை கூடுதல்.

மலிவுக்குக் காரணம் உண்டு. குழி வெட்ட வேண்டாம், நாற்று வேண்டாம். காவலுக்கும் ஊராருக்கும் செலவழித்தால் சில ஆண்டுகளிலேயே கிரெடிட் வந்துவிடும். விற்பது என்னவோ ‘வெட்டியிருப்பார்கள், நாங்கள் தடுத்தோம்’ என்கிற கணக்கை. எவ்வளவு வெட்டியிருப்பார்கள் என்று விற்பவரே ஊகித்தால் ஊகம் ஊதத்தானே செய்யும்? ஜிம்பாப்வேயின் கரிபா காடு காக்கும் திட்டம் இந்தக் குற்றச்சாட்டில்தான் சிக்கியது. அதன் கிரெடிட்டை விற்றுவந்த சவுத் போல் நிறுவனம் 2023இல் அதிலிருந்து விலகியது. அதன் பிறகு, திட்டங்களைச் சரிபார்த்துக் கிரெடிட் வழங்கும் வெர்ரா பதிவகம், காடழிவு வேகத்தைத் திட்டக்காரர்களே முடிவு செய்யாதபடி விதியை மாற்றியது. எல்லாமே மோசடி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மேகாலயாவின் காசி மலைகளில் ஊர்ச் சபைகளே சேர்ந்து தீத்தடுப்புப் பாதை போட்டுக் காட்டைக் காக்கின்றன.

நடுவதில் ஊகம் குறைவு. மரத்தின் சுற்றளவை நாடா வைத்து அளக்கலாம். உலர்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். இடிப்பது பணம் வரும் காலம். செலவு முதல் இரண்டு ஆண்டில், கிரெடிட் அதற்கும் பல ஆண்டு கழித்து.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் ஏக்கர் மரங்கள் ஆண்டுக்கு 4 டன் உறிஞ்சுகின்றன, கிரெடிட் 1,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 ரூபாய். அளவீடு, தணிக்கை, இடைநிலை நிறுவனம் எல்லாம் போக, பாதி மிஞ்சினாலே பெரிய விஷயம். 2,000 ரூபாய்க்காக யார் மரம் வைப்பார்? மாங்காய்க்காக வைப்பார். அப்புறம் தணிக்கையாளர் வந்து, ‘எப்படியும் நட்டிருப்பீர்களே, இதற்கு எதற்குக் கிரெடிட்?’ என்பார். அந்தக் கேள்வியும் நியாயம்தான்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது முன்பணம். ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் 2010இல் தொடங்கிய திட்டத்தில், முதலீட்டு நிதியம் முதலிலேயே பணம் போட்டுக் கிரெடிட்டைப் பின்னால் எடுத்துக்கொள்கிறது. பழமும் காப்பியும் பழங்குடிக் குடும்பங்களுக்கே.

தீ பயம் இரண்டுக்கும் பொது. 2019இல் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்காகவே பதிவகங்கள் கிரெடிட்டில் ஒரு பங்கை விற்கவிடாமல் பொதுச் சேமிப்பில் பிடித்து வைக்கின்றன.

என் ஓட்டு, முன்பணம் தரும் நடவுத் திட்டத்துக்கு. பட்ஜெட் இடிக்கிறதா? சரி, எண்ணிக்கையைக் குறைத்து வாங்குங்கள். காக்கும் கிரெடிட்தான் கட்டுப்படி ஆகும் என்றால், புது விதிப்படி கணக்கிட்டதா என்று கேளுங்கள். எதை வாங்கினாலும், ஊராருக்கு முதல் ரூபாய் எந்த ஆண்டில் போய்ச் சேரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.