வேலூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: பெயிண்ட் அடித்த பம்ப்பைப் புதுசு என்று மாட்டுகிறார்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் அம்பாசிடர், ஃபியட் வைத்திருக்கிறவர்கள் வாட்டர் பம்ப் (ரேடியேட்டர் தண்ணீரை இஞ்சினுக்குள் சுற்றவிடுவது) வேலைக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் வண்டியில் இருந்து கழற்றிய பம்ப்பையே வெள்ளிப் பெயிண்ட் அடித்து, "புது பம்ப்" என்று பில் போட்டு எனக்கே மாட்டிக் கொடுத்தார்கள். காசு போனதைக்கூட விடுங்கள். அந்தப் பம்ப்பில் அவர்கள் செய்திருந்த இன்னொரு வேலைதான் இஞ்சினுக்கே உலை வைக்கக்கூடியது.

வண்டி 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2, எங்கள் நைனா ஓட்டியது. 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். ஆம்பூரில் இருந்து திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் டேஷ்போர்டில் சார்ஜிங் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே கீச்சென்று சத்தம், ரப்பர் கருகும் வாடை. இந்த வண்டியில் ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூன்றும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. பம்ப் ஷாஃப்ட் பிடித்துக்கொண்டால் பெல்ட் புல்லியில் வழுக்கிக் கருகும், ஃபேன் நிற்கும், சார்ஜும் நிற்கும், தண்ணீர் சுற்றாது. அதற்கு மேல் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் இஞ்சின் சூடேறி, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விடும். உடனே ஓரங்கட்டி இஞ்சினை அணைத்ததால் ஹெட் தப்பியது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கட்டி இழுத்துக்கொண்டு போய் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறையில் விட்டோம். பெயர் போடவில்லை. அந்தப் பட்டறைக்காரர் மிக மரியாதையாகத்தான் பேசினார். "பம்ப் ஜாம் ஆயிடுச்சு சார். உள்ளூர்ல கெடைக்காது. மெட்ராஸ் ஜி.பி. ரோட்ல சொல்லி ஒரிஜினல் வரவழைச்சுத் தரேன், கவலையே படாதீங்க." வண்டி எடுக்கப் போனபோது பழைய பம்ப்பைக் கேட்டேன். "அத அன்னிக்கே காயலாங்கடைக்குப் போட்டுட்டாங்க சார், பசங்களுக்குத் தெரியாது." பில் என்று தந்தது வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதியது. "வாட்டர் பம்ப் புதுசு 3,400", அதற்குக் கீழே கூலி, கேஸ்கெட், பெல்ட். அந்த ஒரு வரியை அவர் கைப்பட எழுதியதுதான் இப்போது எனக்கு உதவுகிறது.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஊற்ற ஊற்றக் குறைகிறது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அடுத்து முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். இந்த முறை வேலூர் சைதாப்பேட்டையில், அந்தக் காலத்து இஞ்சின்களிலேயே கை பழகிய ஒரு பாயிடம் கொண்டுபோனேன். பெல்ட்டைத் தளர்த்தி, ஃபேன் இறக்கையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் நன்றாகத் தெரிந்தது. பேரிங் சாகப் போகிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஃபேன் சாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்திருக்கும்.

ரேடியேட்டரை இறக்கிப் பம்ப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளியே பளபளவென்று வெள்ளி. உள்ளே திருப்பினால் துரு அரித்துக் குழிகுழியாகிப்போன இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம். நகத்தால் சுரண்டினால் பெயிண்ட்டுக்குக் கீழே பல வருடத்து அழுக்கு. முன்பு எப்போதோ நைனா காலத்தில் உடைந்து அரம் போட்டுச் சரிசெய்த ஓரம்கூட அப்படியே இருந்தது. பேரிங் மட்டும் புதுசு, அதையும் பிரஸ் மெஷினில் வைக்காமல் சுத்தியால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் பழசு.

எல்லாவற்றுக்கும் மேல் இந்த விஷயம். வாட்டர் பம்ப்பின் கழுத்துக்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். அது வார்ப்பில் விட்ட குறை அல்ல, வேண்டுமென்றே வைப்பது. உள்ளே தண்ணீர் பக்கம் ஒரு சீல், வெளியே பேரிங், நடுவில் இந்த ஓட்டை. சீல் தேய்ந்து தண்ணீர் கசிந்தால் பேரிங்குக்குப் போகாமல் இது வழியாகக் கீழே சொட்டும். சொட்டுவதைப் பார்த்து, பம்ப் கடைசிக் காலத்தில் இருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ளலாம். அந்த ஓட்டையைத்தான் பேஸ்ட் வைத்து அடைத்து அதன் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சொட்டக் கூடாது, வாடிக்கையாளர் திரும்பி வரக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. போக வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிட்டது. முதலில் பம்ப் எந்தக் காரணத்தால் பிடித்துக்கொண்டதோ அதே காரணத்தை அவர்கள் கையாலேயே மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போகும்போது இது பிடித்திருந்தால்? நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

பம்ப்பைப் பிடிக்கும் போல்ட்டில் ஒன்று இஞ்சின் பிளாக்குக்குள் ஒடிந்திருந்தது. அதைச் சொல்லவேயில்லை. தலையை மட்டும் ஒட்டி வைத்திருந்தார்கள். துருப்பிடித்த போல்ட் ஒடிவது எந்த மெக்கானிக்குக்கும் நடக்கும், அதில் தப்பே கிடையாது. பாய் அதை டிரில் போட்டு எடுத்து, மரை ஓட்டி, வேறு போல்ட் போட்டார்.

பழைய பம்ப்பைச் சரிசெய்து மாட்டுவதை நான் குறை சொல்லவில்லை. பாய் இப்போது செய்து கொடுத்திருப்பதும் அதே பழைய உடம்புதான். புது ஷாஃப்ட், பேரிங், சீல், இம்பெல்லர் வாங்கி, லேத் பட்டறையில் பிரஸ் போட்டு ஏற்றினார். "இந்த வார்ப்பு இனிமே வராது சார், இத்த விட்டுடாதீங்க" என்றார். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 முதல் வின்டேஜ் பதிவு என்று தனி விதி இருக்கிறது, பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த எண்ணம் உள்ளவர்களுக்குப் பழைய உடம்பு பொக்கிஷம். சரிசெய்தது என்று சொல்லி, அதற்குரிய காசை வாங்கினால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நம் ஊர்த் தண்ணீரையும் சொல்ல வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன கதை. அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பும் துருவும் படிந்து சீலை அறுக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பாதிக்குப் பாதி பச்சைக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். குளிருக்காக இல்லை, துருவுக்காக.

பாய் சரிசெய்யும் முன்பே, கழற்றிய பம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நெடுஞ்சாலைப் பட்டறைக்குப் போனேன். முதலில் "இது நாங்க போட்டது இல்ல" என்றார். தாளைக் காட்டியதும் "கடைக்காரன் எங்களயே ஏமாத்திட்டான் சார்" என்றார். உடைந்த ஓரத்தைக் காட்டி, இது எப்படி ஜி.பி. ரோட்டில் இருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. காசும் இல்லை.

நீங்கள் வண்டி விடும்போதே "கழட்டின சாமான் எனக்கு வேணும்" என்று சொல்லிவிடுங்கள். பழைய பம்ப்பை அதே இடத்தில் போட்டோ எடுங்கள், வார்ப்பில் தெரியாத இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். புதுசு என்று கொண்டுவந்தால் மாட்டும் முன் பின்பக்கம் திருப்பி இம்பெல்லரைப் பாருங்கள், அடியில் அந்த ஓட்டை திறந்திருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பில்லில் "புதுசு" அல்லது "ரிப்பேர் செய்தது" என்று எழுதி வாங்குங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதிது என்று பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகம் என்று தெளிவாகவே இருக்கிறது. 1915-க்கு போன் செய்து புகார் பதியலாம். நாம் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நான் தாள், போட்டோ, அந்த அடைத்த பம்ப்பின் பழைய பாகங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது இதே மாதிரி வெள்ளைத் தாள் பில் வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நடந்ததில் இருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம்.