வால்பரைசோவில் அறை எடுப்பது: கீழேயா, மேலேயா?

சிலியின் துறைமுக ஊரான வால்பரைசோவில் ஐந்து இரவு தங்கினேன். முதல் இரண்டு கீழே கடலோரச் சமதளத்தில், மீதி மூன்று மேலே குன்றில். திட்டமிட்டுப் பிரித்ததல்ல. கீழே எடுத்த அறை பிடிக்காமல் போய், மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு குன்றேறிவிட்டேன். ஆகவே என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலே. கீழே தங்குவதற்கும் வலுவான காரணம் ஒன்று உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

சிலியின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கடலை ஒட்டிக் குறுகலான சமதளம். அதற்குப் பெயர் ‘பிளான்’; அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அதன் முதுகில் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள் விசிறி மடிப்பாக நிற்கின்றன. குன்றை ‘செர்ரோ’ என்கிறார்கள். படங்களில் பார்த்து மயங்கும் வண்ண வீடுகள் செர்ரோக்களில். வங்கி, சந்தை, அலுவலகம், பஸ் நிலையம் எல்லாம் பிளானில். முதுகுப்பையோடு வருபவர்கள் ஒன்று பிளானில் தங்குவார்கள், இல்லையென்றால் அலெக்ரே, கான்செப்சியோன் என்ற இரட்டைக் குன்றுகளில். பக்கத்து ஊரான வீனியா தெல் மாரில் தங்கி ரயிலில் வந்துபோகலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். கடலில் குளிக்க வந்தவர்களுக்கு அது சரி. நடக்க வந்தவருக்கு அங்கே வேலையில்லை.

விலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மேலே அறையும் காப்பியும் கூடுதல். கீழே கார்தொனால் சந்தையில் பழம் வாங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். பையோடு வந்து இறங்கும்போது பிளான் சுகம்தான்; 1952 முதல் ஓடும் டிராலி பஸ்ஸில் ஏறினால் துறைமுகம் வரை சமதளத்திலேயே போய்ச் சேரலாம்.

கீழே தங்குவதற்கு உண்மையான காரணம் வேறு. குன்றுகளுக்கு இடையே ‘கெப்ராதா’ என்ற ஆழமான பள்ளங்கள் இருக்கின்றன. எதிர்க் குன்றில் துணி காய்வது கண்ணெதிரே தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் அங்கே போக வேண்டுமானால் முதலில் இறங்க வேண்டும், பிறகு அவ்வளவும் ஏற வேண்டும். மேலே தங்கினால் அந்த ஒரு குன்றுதான் வீட்டு வாசல். பிளானில் இருப்பவருக்கு எல்லாக் குன்றும் வாசலிலேயே தொடங்குகின்றன: இன்றைக்கு பெல்யாவிஸ்தா, நாளைக்கு ஆர்தியேரியா. இந்தக் கணக்கில் கீழேதான் வெல்கிறது. குன்றுகளின் மேற்பாகத்தைச் சுற்றி வளைந்து போகும் அலெமானியா சாலை இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. 612-ஆம் எண் பஸ் அந்த வழியாகப் போகிறது. அதில் ஏறித்தான் பாப்லோ நெருதா 1961-இல் குடிபுகுந்த லா செபஸ்தியானா வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து பெல்யாவிஸ்தா சுவரோவியங்களைப் பார்த்தபடி இறங்கி வந்தேன். ஏற்றத்தைப் பஸ்ஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இறக்கத்தைக் காலுக்கு வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடு.

பிறகு ஏன் மேலே என்கிறேன்? இரவுதான் காரணம்.

பிளானில் உள்ள பிராத் தெருவின் பெரிய கல் கட்டடங்கள், பனாமா கால்வாய் 1914-இல் திறந்து கப்பல்கள் வேறு வழி பிடிப்பதற்கு முன், ஊரில் பணம் புரண்ட நாட்களின் மிச்சம். பகலில் அங்கே நடக்க இடமிருக்காது. மாலையில் அலுவலகங்கள் மூடிய அரை மணியில் ஷட்டர்கள் வரிசையாக இறங்கிவிடும். முதல் நாள் நான் மேலே அஸ்தமனம் பார்க்கப் போனேன். நவம்பர் மாதம், எட்டேகால் மணி வரை வெளிச்சம் இருந்தது. சூரியன் கடலில் விழும் என்று நம்பியிருந்தேன். விரிகுடா வடக்கு பார்த்தது என்பதைப் படத்தில் கவனிக்கவில்லை! சூரியன் மேற்கே பிளாயா ஆஞ்சா குன்றின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் காட்சியே தொடங்கியது. குன்று குன்றாக விளக்குகள் ஏறின. துறைமுகத்துப் பளுதூக்கிகள் மஞ்சள் வெளிச்சத்தில் நின்றன. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் எழுந்தேன், என் அறை கீழே இருந்ததால்.

இருட்டில் படிக்கட்டு இறங்கினேன். ஒரு வளைவில் விளக்கு இருந்தது, அடுத்ததில் இல்லை. கீழே தெருவில் ஷட்டர்களையும் ஒரு நாயையும் தவிர யாருமில்லை. நாய் விடுதி வாசல் வரை கூடவே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஊரின் நல்ல நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டிவிட்டு, காலியான பிளானில் கைப்பேசியை உள்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வேகமாக நடந்தது எனக்கே அபத்தமாகப் பட்டது. இரண்டாம் நாளும் அதே கதைதான், நாய்தான் வேறு.

மேலே வந்த பிறகு அந்த அவசரம் போய்விட்டது. யூகோஸ்லாவோ நடைபாதையில் ஒன்பதரை வரை உட்கார்ந்துவிட்டு நாற்பது அடி நடந்தால் அறை. விடிகாலையிலும் ஆதாயம் உண்டு. கடல்மூட்டம் ஏறி வந்து பளுதூக்கிகளை ஒவ்வொன்றாக விழுங்கும்; பத்து பதினொரு மணிக்கு மேல் திருப்பிக் கொடுக்கும். தென்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், பிறகு வெயில் வீடுகளின் முகத்திலேயே அடிக்கும். எங்கள் சந்தில் ஒரு நீல வீடு. மண்சுவரை உப்புக் காற்றிலிருந்து காக்க நெளி தகரம் அடித்திருந்தார்கள். ஓர் ஆணியைச் சுற்றி வண்ணம் உரிந்த இடத்தில், நீலத்துக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் துரு. கட்டை விரல் அகலத்துக்குள் நான்கு அடுக்கு. மூட்டத்தில் கை வைத்தால் ஈரம். மதியம் கை வைக்க முடியாது.

கீழே தங்குபவர்களுக்கு ‘அசென்சோர்’ இருக்கிறதே என்பார்கள். தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்கும் பெட்டி. நம் சொல்லில் விஞ்ச். கான்செப்சியோன் அசென்சோர் 1883-இல் தொடங்கியது. எல் பெரால், சொத்தோமயோர் சதுக்கத்துக்கு அருகிலிருந்து யூகோஸ்லாவோ நடைபாதையில் கொண்டுவந்து விடும். சில்லறைக் காசுதான் கட்டணம், ஏறியே ஆக வேண்டும். ஆனால் இரவு முழுக்க ஓடாது. தேவைப்படும் நேரத்தில் உதவாது. பழுது பார்ப்பதற்காகப் பூட்டி வைத்திருப்பவையும் பல. நான் நம்பிப் போன ஒன்றில் கதவில் சங்கிலி தொங்கியது.

மேலே தங்கியவருக்கும் ஒரு தண்டனை உண்டு: கீழே போய் இரவுச் சாப்பாடு. சோர்ரியானா என்று ஒன்று, உருளைக்கிழங்கு வறுவல் மலைமேல் வெங்காயம், மாட்டிறைச்சி, முட்டை. இரண்டு பேருக்கானதை ஒருவனாகத் தின்றுவிட்டு படியேறிய அன்று, மூன்று முறை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். அதன்பின் கீழே மதியம் மட்டும்தான்.

நான் போனது வசந்தத்தின் கடைசி. மழைக்காலமான ஜூன், ஜூலையில் அந்தப் படிகள் எப்படி வழுக்கும் என்று என் கால்களுக்குத் தெரியாது. தனியாகப் போன ஆண் என்பதால், இரவுப் பாதுகாப்பைப் பற்றி நான் சொல்வதைப் பெண்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே இரவுதான், விடிந்ததும் பஸ் என்றால் மேலே ஏறும் சிரமம் வீண், பிளானிலேயே படுத்துவிடுங்கள்.

மேலே என்று முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்காரரிடம் எத்தனை படி என்று எண்ணிக் கேளுங்கள். ‘சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடை’ என்று எழுதியிருப்பார்கள். அது இறங்கும்போது போட்ட கணக்கு.